பாங்க்ரப்ட் அடிப்பது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவின் ஸ்காபரோவில், கடன் கட்ட முடியாதென்று வங்குரோத்துப் பதிந்து கழன்றுகொள்வதை எங்கள் ஆட்கள் ‘பாங்க்ரப்ட் அடிப்பது’ என்பார்கள், ஏதோ லொத்தரில் பரிசு அடிப்பதைப் போல. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அரசாங்கம் கொடுத்த வேலையில்லாக் காசும் முடிந்துவிட்டது. வேலை இருந்த காலத்தில் கேட்காமலே கடனட்டைகளைத் தபாலில் அனுப்பிய வங்கிகள், இப்போது விடிந்ததும் விடியாததுமாக ஆள் வைத்துத் தொலைபேசியில் மிரட்டின. தம்பியைக் கொழும்பிலிருந்து எடுப்பித்த ஏஜென்சிக் காசு முழுவதும் அந்த அட்டைகளில்தான் ஏறியிருந்தது.

வங்குரோத்து அலுவல் பார்க்கும் வெள்ளைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். யார் யாருக்குக் கடன் என்று ஒருவர் விடாமல் எழுத வேண்டும், ஒருவருக்கு மட்டும் மறைத்துக் கொடுக்கக்கூடாது என்றார். படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வங்கிகளின் பெயரை எழுதக் கை கூசவில்லை. சீட்டில் வந்து நின்றுவிட்டது.

டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்திலேயே ஓர் அக்கா சீட்டுப் பிடித்தார். எல்லோரும் மாதாமாதம் காசு போட, அதிகம் கழித்துக் கேட்பவர் மொத்தத்தை எடுப்பார். பிறகு முடியும்வரை கட்டுவார். நான் முதலிலேயே எடுத்துவிட்டேன். எழுத்தில் எதுவும் இல்லை. நான் கட்டாவிட்டால், சாப்பாட்டுக் கடையொன்றில் இடியப்பம் பிழியும் அக்காதான் என் பங்கையும் போட வேண்டும்.

மனைவியின் தம்பி வந்து கதிரையில் சாய்ந்துகொண்டு ஆலோசனை சொன்னான்.

“அத்தான், அடிக்கிறதெண்டா முதல் கிரெடிட் காட்டைத் தேய்ச்சு என்ர அக்காவுக்கு ஒரு சங்கிலி எடுங்கோ. எல்லாரும் உப்பிடித்தான்.”

“எழும்பிப் போடா.”

“கையில காசில்லை, ரோசத்துக்கு மட்டும் குறைவில்லை!”

போகிற வழியில் கட்டடம் முழுவதும் சொல்லிவிட்டான். அடுத்த நாள் சீட்டு அக்கா கதவைத் தட்டினார்.

“தம்பி, அடிக்கப் போறீராம்?”

“யோசிக்கிறன் அக்கா.”

“அடியும். ஆனா என்ர பேரை உந்தப் பேப்பரில போட்டிடாதையும். கடைக்காரன் கணக்கில காட்டாமல் கையிலதான் காசு தாறான். தெரிஞ்சா அரசாங்கம் தாற வெல்பெயர்க் காசை வெட்டிப்போடுவாங்கள்.”

“போடாட்டி நான் பொய்ச் சத்தியம் பண்ணவேணும்.”

“உம்மட சத்தியத்தில நான் என்ன சமைக்கிறது?”

“பேப்பரில இல்லாட்டி, நான் தராட்டிலும் நீங்கள் ஒருத்தரிட்டயும் கேக்கேலாது.”

“ஏன், நீர் இருக்கிறீர்தானே?”

பாராட்டு மாதிரி இருந்தது. எனக்கோ ஆத்திரம்தான் வந்தது. வட்டிக்கு ஆசைப்பட்டு என்னை நம்பிய வங்கிக்குப் படிவத்தில் ஒரு வரி உண்டு. என் முகத்தை நம்பிய அக்காவுக்கு, பெயரை எழுதினால் சோறு போகும். எழுதாவிட்டால் நான் பொய்யன். வரும் வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு, ‘புதிய தொடக்கம்’ என்று அந்த அலுவலகச் சுவரில் படம் ஒட்டியிருந்தார்கள்.

“எல்லோரையும் எழுதிவிட்டீர்களா?” என்று வெள்ளைக்காரர் கேட்டார்.

“ஓம்” என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொல்லி, அக்காவின் பெயர் இல்லாத படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனை தாளைக் கிழித்துவிட்டது.

திரும்பி வந்தபோது லிப்ட் வாசலில் அக்கா நின்றார்.

“முடிஞ்சுதோ?”

“முடிஞ்சுது.”

“அப்ப வெள்ளிக்கிழமை கடைக்கு வாரும். கோப்பை கழுவ ஆள் தேடுறான். கையில காசு தருவான். இந்த மாதச் சீட்டை அதிலயே கழிச்சிடலாம்.”