லைன் ஆஃப் என்று சொல்ல செல்வராஜ் அண்ணன் இல்லை

மைக் ஆட்டோ செல்வராஜ் அண்ணன் காலையில் போய்விட்டார். ஹார்ட் அட்டாக்காம். தெரு குரூப்பில்தான் பார்த்தேன்...

அதே மெசேஜின் கீழே இன்னொரு வரி. நாளை பொங்கல் விளையாட்டு விழாவில் அண்ணனுக்கு மௌன அஞ்சலி, மற்ற நிகழ்ச்சிகள் வழக்கம்போல். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

பழங்காநத்தத்தில் எங்கள் வார்டுக்கே அவர் குரல் தெரியும். தண்ணீர் வராது, வரி முகாம், வார்டு கூட்டம்... எல்லாம் அந்த ஆட்டோ ஸ்பீக்கரில்தான் வரும்.

கொரோனா சமயத்தில் அந்தக் குரல் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்வேன். எந்தத் தெருவை அடைக்கப் போகிறார்களோ என்று பயம். ஒருநாள் எங்கள் வாசலில் ஆட்டோவை நிறுத்தி, மைக்கை ஆஃப் பண்ணிவிட்டு, ஒங்க தெரு பேரு இல்ல தாயி, போய்ச் சாப்பிடு என்றார். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அப்புறம் போன வருடம், பொங்கலுக்கு முந்தைய வார்டு கூட்டம். வழுக்கு மரம் நடுகிற இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் கரண்ட் கம்பி போகிறது. முனியாண்டி கோயிலுக்கு நேர் எதிரேதான் நட வேண்டும் என்பது வழக்கம், மாற்றவே மாட்டார்கள். அதில் ஏறுகிறவர்களில் என் தம்பி கார்த்தியும் ஒருத்தன்.

எழுந்து கேட்டேன். கை நடுங்கி வார்த்தையே வரவில்லை. சிரித்தார்கள். அண்ணன் வந்து மைக்கை வாங்கி என் வாய்க்கு நேராக வைத்து, "பேசு தாயி, நான் புடிச்சுக்கிறேன்" என்றார்.

இடம் மாறவில்லை. ஆனால் அண்ணனே கரண்ட் ஆபீசுக்குப் போய்ச் சொல்லி லைனை நிறுத்த வைத்தார். "லைன் ஆஃப். இப்ப ஏறுங்கப்பா" என்று அவர் மைக்கில் சொன்ன பிறகுதான் மரத்தில் கை வைத்தார்கள்.

இந்த வருடம் மரம் நட்டாச்சு. எண்ணெயும் தடவியாச்சு. லைனை நிறுத்த யார் சொல்லியிருக்கிறீர்கள் என்று குரூப்பில் கேட்டேன். கும்பிடு எமோஜியாக வந்து விழுகிறது. ஒருவர் மட்டும், செல்வராஜ் அண்ணன் சொல்லியிருப்பார் என்று போட்டிருக்கிறார்.

கரண்ட் ஆபீசுக்கு நானே போன் பண்ணினேன். யாரும் வந்து சொல்லவில்லையாம். விழாக் கமிட்டி நேரில் வந்து கேட்டால்தான் நிறுத்துவார்களாம்.

தம்பியிடம் ஏறாதே என்று கெஞ்சினேன். "அண்ணே பேர்ல இந்தத் தடவ ஏறியே தீரணும்க்கா" என்கிறான். இவனை என்ன செய்ய...

மாலையில் அடக்கம். முடிந்ததும் விழாக் கூட்டம். எழுந்து கேட்கத்தான் போகிறேன்.

போயிட்டு வாங்கண்ணே. இன்னைக்கு மைக்க நானே புடிச்சுக்கிறேன்.