பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஏழு ஓட்டைகள்

தூத்துக்குடிக் கடற்கரையோரப் பங்கு ஒன்றில் மரவேலை செய்யும் டெரன்சுக்கு வாய் கொஞ்சம் நீளம். பீடத்தைப் பழுது பார்த்துக்கொண்டே புனிதர்களின் மூக்கைக் குறை சொல்லுவார். ஆனால் அவர் கைவேலையை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. ஊரார் முழந்தாளிட்டுப் பாவத்தைச் சொல்லும் மரக்கூண்டு, அந்தப் பழைய பாவசங்கீர்த்தனத் தொட்டி, இற்று விழுந்ததும் பங்குச் சாமியார் அவரைத்தான் கூப்பிட்டார். "சிக்கனமா முடிச்சிரு" என்றார். சிக்கனத்துக்கு டெரன்சுக்குத் தெரிந்தது ஒரே வழி. கப்பலுக்குள் சரக்கு உருளாமலிருக்க முட்டுக் கொடுத்து வரும் வெளிநாட்டுப் பைன் கட்டைகளைப் பழைய சாமான் கடையில் பிடித்து, அறுத்து, இழைத்து, வார்னிஷ் அடித்து நிறுத்திவிட்டார். ஊர் தன் பாவங்களைக் கொண்டுவந்து அதில் கொட்டியது.

ஒரு வருஷம் கழித்து, ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில், கோயில்பிள்ளை மரியான் தொட்டியைத் துடைக்கும்போது ஏழு ஓட்டைகளைக் கண்டார். எல்லாம் முழந்தாளிடுகிறவர் பக்கம். காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி அத்தனை வட்டம். மரியான் நேரே டெரன்சின் பட்டறைக்குப் போய் ஆறு மில்லி டிரில் பிட்டைக் கேட்டு வாங்கிவந்து ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். கச்சிதமாக நுழைந்தது. மறுபக்கம் வருகிறதா என்று பார்க்கும் அளவுக்கு அவருக்குப் பொறுமை இல்லை.

டெரன்ஸ் ஊரார் பாவத்தை ஒட்டுக்கேட்கிறார் என்று முடிவாகிவிட்டது. சனிக்கிழமைதோறும் தொட்டிக்குப் பக்கத்து பெஞ்சில் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதை எல்லோரும்தான் பார்த்திருக்கிறார்களே. அவர் போனது தூங்குவதற்கு. அங்கேதான் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் விசாரணை, குற்றம் உறுதியானால் கோயில் வேலை இனிக் கிடையாது என்று சாமியார் சொல்லிவிட்டார். வேலை போனால் போகட்டும். ஒட்டுக்கேட்கிறவன் என்ற பேரோடு அந்தத் தெருவில் எப்படி நடப்பது என்பதுதான் டெரன்சின் கவலை. மனைவி ஹில்டாவும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டினவளே நம்பவில்லையே என்று அவருக்கு அழுகை வந்தது.

அந்த வாரம் பட்டறைக்கு ஆள் வரத் தொடங்கியது. முதலில் ஜீவமணி.

"அண்ணாச்சி, தம்பி வலைய அறுத்தது நான்தான்னு கேட்டிருப்பிய. அவன்கிட்ட சொல்லிராதிய."

அடுத்து ஞானசௌந்தரி. மாமியாரின் பல்செட்டை ஒளித்துவைத்தது அவள்தானாம். "நான் ஒண்ணும் கேக்கலம்மா" என்று டெரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டால், எவ்வளவு பெரிய மனுஷன் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நாலே நாளில் சாமியாரைவிட அவருக்கு அதிகம் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை தொட்டியைப் பார்த்துவிட்டு வந்த அனுஜா மட்டும் அப்படி எதையும் பேசவில்லை. இறக்குமதி மரத்தில் பூச்சி இருக்கிறதா என்று சோதிக்கும் துறைமுக அலுவலகத்தில் அவளுக்கு வேலை.

"மாமா, அது டிரில் போட்டதில்ல. மரக்குளவி. பைன் மரத்தத் துளைச்சு முட்ட வைக்கும். ஆனா அதோட புழுவால தனியா மரத்தத் தின்னு செரிக்க முடியாது. அதனால தாய்க்குளவி வயித்துக்குள்ள ஒரு சின்னப் பையில பூஞ்சைய வச்சுக் கொண்டுவந்து, முட்டையோட சேத்து உள்ள விட்டுரும். பூஞ்சை மரத்த இளக்கும், புழு அதத் தின்னு வளரும்."

"இதுல பூஞ்சைக்கு என்ன லாபம்?"

"அதுக்குக் காலா, ரெக்கையா? அடுத்த மரத்துக்குப் போக குளவிதான் வேணும். புதுசா வாற பொட்டக் குளவியும் பையில பூஞ்சைய நெரப்பிக்கிட்டுத்தான் வெளிய வரும்."

"சீதனத்தோட வாரான்னு சொல்லு."

"மரத்த இழைச்சாலும் புழு உள்ள வருஷக்கணக்கா கெடக்கும். வளந்து குளவியா வெளிய வாறப்ப போடுற ஓட்டதான் இது. டிரில் ஓட்டை நேராப் போகும். இது வளைஞ்சு போகும், உள்ள தூள் அடைச்சிருக்கும். நாளைக்குப் பொளந்து காட்டுங்க."

மறுநாள் சபை கூடியது. தான் செய்த பலகையில் டெரன்ஸ் தானே உளியை வைத்தார். இரண்டு அடியில் பலகை பிளந்தது. உள்ளே வளைந்து வளைந்து போகும் பாதை, மாவு மாதிரி இறுகிய தூள், வெள்ளையாக ஒரு புழு. ஓரத்தில் முழுசாக வளர்ந்த கருநீலக் குளவி ஒன்று, வால் முனையில் ஊசியோடு சோம்பல் முறித்தது. அது எழும்பி மரியானின் சட்டையில் போய் உட்கார, அவர் பீடத்துக்குப் பின்னால் ஓடினார். அனுஜா துரத்திப்போய் அதை டிபன் பாக்சில் அடைத்தாள்.

"டெரன்ஸ் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார் சாமியார். ஊரே வந்து கை கொடுத்தது. ஜீவமணியும் ஞானசௌந்தரியும் மட்டும் பேயறைந்தவர்கள்போல் நின்றார்கள்.

வீட்டில் ஹில்டா பாறை மீன் குழம்பு வைத்திருந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தாள்.

"அப்போ நெசமாவே நீங்க ஒண்ணும் கேக்கலியா?"

"ஒரு சொல்கூட இல்லளா."

"மாதாவே, இப்பத்தான் எனக்கு உயிரே வந்துச்சு" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

டெரன்சுக்கு வாயிலிருந்த சோறு இறங்கவில்லை. இவள் அவரைச் சந்தேகப்பட்டு முகம் திருப்பவில்லை, பயந்துபோய் இருந்திருக்கிறாள்.

"ஏளா, அங்கன நீ என்ன சொன்ன?"

"சாமிகிட்டச் சொன்னத உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? சாப்பிடுங்க" என்று இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய பிறகு, உண்மையாகவே ஒரு ஓட்டை போட்டிருக்கலாமே என்று டெரன்சுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.