பகல் தூக்கத்துக்குக் காவல்

மீன்காரி தெருமுனையில் குரலெடுக்கும்போதே தனக்கொடி வாசலுக்கு ஓடிவந்து, வாயில் விரலை வைத்துக் கையை ஆட்டிவிடுகிறாள். மீன்காரிக்கும் பழகிப்போயிற்று. வாயை மூடிக்கொண்டு அந்த வீட்டைக் கடந்து, நாலு வீடு தள்ளித்தான் மறுபடி கூவுகிறாள். காலிங்பெல்லைத் தனக்கொடி எப்போதோ கழற்றிவிட்டாள். குக்கர் விசிலடிக்குமென்று சோற்றைப் பானையில் வடிக்கிறாள். பக்கத்து விமான நிலையத்தில் இறங்க, லாஸ்பேட்டையின் மேல் தாழப் பறக்கும் விமானத்தை மட்டும் ஒன்றும் செய்யமுடியவில்லை. அதை அண்ணாந்து ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போகிறாள்.

உள்ளே தூங்குவது அவள் கணவன் புருஷோத்தமன். அதே ஊரில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் நைட் ஷிப்ட். போன ஆவணியில் ஒரு நாள் காலை, வேலை முடிந்து வண்டியில் வரும்போது கண் அயர்ந்து, சாலை நடுவிலிருந்த தடுப்பில் மோதி விழுந்தான். நல்லவேளை, தோளில் சிராய்ப்போடு போயிற்று.

"எப்ப கண்ண மூடுனேன்னே தெரியல தனம்," என்றான், ஏதோ குடையை மறந்து வந்தவனைப் போல.

அன்றிலிருந்து அவன் தூக்கத்துக்கு அவள் காவல். "தூக்கம் கொறஞ்சா ரோட்லயே போயிடுவாரு," என்று கேட்பவர்களிடமெல்லாம் குரலைத் தாழ்த்திச் சொல்வாள்.

இரவில் அவளுக்குப் படுக்கை கொள்ளாது. செல்போனை மார்மேல் வைத்துக்கொண்டு கிடப்பாள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்து, அது எந்தப் பக்கம் போகிறதென்று காது கொடுப்பாள். ஊரில் இத்தனை ஆஸ்பத்திரி இருக்கும்போது அந்தச் சத்தத்துக்கா பஞ்சம்? காலையில் அவன் வண்டி வாசலில் நின்ற பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். உடனே பகல் காவல் தொடங்கிவிடும். சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டினாள். தெரிந்தவர்களின் பெயர் மறந்தது.

"நீ எப்பதான்க்கா படுப்ப?" என்று பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி கேட்டாள்.

"எனக்கென்ன, நான் வண்டியா ஓட்றேன்?"

போன மாதம் ஒரு நாள் முற்பகலில், அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். அவ்வளவுதான் அவளுக்கு நினைவிருக்கிறது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது. கேஸ் கசிந்துகொண்டே இருந்தது. வெளிச்சம் வந்து அவனை எழுப்பிவிடக் கூடாதென்று, ஜன்னல்களையெல்லாம் போர்வையால் அடைத்திருந்த வீடு அது.

கொல்லையில் துணி காயப்போட வந்த பாக்கியலட்சுமிக்குத்தான் நாற்றம் தட்டியது. கதவைப் படபடவென்று அடித்தாள். "அக்கா, கதவ தொற. லைட்டு கீட்டு போட்றாத."

கண் விழித்தபோது தனக்கொடி தரையில் கிடந்தாள். தலை கனத்தது. அடுப்பின் திருகை எந்தப் பக்கம் திருப்புவதென்று கைக்குத் தெரியவில்லை. எப்படியோ அதை அடைத்தாள், கதவைத் திறந்தாள். பிறகு உள்ளறைக்கு ஓடிப் போர்வையை ஆணியோடு பிய்த்தெறிந்தாள். வெயில் முகத்தில் விழுந்ததும் புருஷோத்தமன் புரண்டு, "மணி என்ன?" என்றான். அவன் காலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அவளை அவன் டாக்டரிடம் கூட்டிப்போனான். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர் தூக்கம் இருக்கட்டும். நீங்க கடைசியா எப்பம்மா முழுசா தூங்குனீங்க?" என்றார்.

தனக்கொடி பதிலுக்காகக் கணவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"தூக்கத்த நீங்க குடுக்கலன்னா ஒடம்பு அதுவா எடுத்துக்கும். அடுப்பு முன்னாடி நிக்கிறீங்களா, ரோட்ல போறீங்களான்னு அதுக்குத் தெரியாதும்மா."

இப்போது இரவு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் அவன் போன் செய்கிறான். பகல் ஷிப்ட் கேட்டிருக்கிறான், இன்னும் கிடைக்கவில்லை. சாயங்காலம் எழுந்ததும் அவளுக்குப் பாய் விரித்து, "நான் முழிச்சிட்டுதான இருக்கேன், நீ படு," என்கிறான்.

அவள் படுக்கிறாள். எழுந்துபோய் அடுப்பைப் பார்க்கிறாள். வந்து படுக்கிறாள். மறுபடி எழுந்துபோய், சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரையே கழற்றி எடுத்துவந்து தலையணைக்கு அடியில் வைக்கிறாள்.

"அப்ப நான் டீ போட வேணாமா?" என்கிறான் அவன்.

அவள் கண்ணை மூடியாயிற்று. தலையணைக்கு அடியில் போன கை, பிடித்ததை விடவில்லை.