உப்புப் போட்ட ஐஸ்

யோசப்பின் குருநகர்க் கடற்கரையில் பிறந்தவள். மருதனார்மடத்து நாகலிங்கத்தைக் காதலித்துக் கைப்பிடித்து எட்டு வருடமாகியும் மாமியார் இரத்தினம்மா அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'மீன்காரி'தான். சமையலறைக்குள் அவளை விடுவதில்லை. மாட்டுக்கொட்டில் மட்டுமே அவளுடையது. அங்கே நின்ற செங்காரிப் பசு, அவள் குரல் கேட்டால்தான் எழும்பும், அவள் கை பட்டால்தான் பால் விடும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு மாரியில், சேற்றில் நின்ற மாடுகளுக்குக் கோமாரி வந்து, குளம்பு அழுகத் தொடங்கியது. ஊசி போடும் ஆழ்வாப்பிள்ளை சைக்கிளில் வந்தார்.

"தடுப்பு மருந்து ரெண்டு போத்தல் கிடைச்சிருக்கு. நாளைக் காலமை போடுவம். அதுவரைக்கும் ஐஸுக்குள்ளை இருக்கவேணும். ஆர் பொறுப்பெடுக்கிறியள்?"

"எங்கடை மீன்காரி இருக்கிறாளே," என்றாள் இரத்தினம்மா. "அவளின்ரை ஆக்கள் ஐஸோடைதானே படுத்தெழும்புறவை."

எல்லோரும் சிரித்தார்கள். யோசப்பினும் சிரித்தாள். அந்த வீடு அவளிடம் கேட்ட முதல் உதவி அது.

அன்றே பஸ் ஏறிக் குருநகருக்குப் போனாள். மீனுக்கு ஐஸ் போடும் வாடியில் வேலை செய்யும் அண்ணன் சிமியோன், பெட்டி நிறைய ஐஸ் உடைத்து, உமி போட்டுக் கட்டிக் கொடுத்தான். பின்னேரம் ஆழ்வாப்பிள்ளை போத்தல்களை அதற்குள் வைத்தார்.

"விடியுமட்டும் ஐஸ் கரையக்கூடாது, பிள்ளை." அவ்வளவுதான் சொன்னார்.

ஐஸ் கரையாமலிருக்க என்ன செய்வதென்று யோசப்பினுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலுக்குப் போய்வந்த அவளுடைய அப்பு ஐஸுக்குள் கல்லுப்பை அள்ளிப் போடுவார். குளிர் கூடி மீன் மரக்கட்டையாக விறைத்துவிடும். அவள் இரண்டு கைப்பிடி போட்டாள். மனம் கேட்காமல் இன்னும் இரண்டு.

காலையில் வீட்டுக்கு முன்னாலிருந்த ஒழுங்கை நிறைய ஊசிக்கு வந்த மாடுகள். ஆழ்வாப்பிள்ளை போத்தலைத் தூக்கினார். மருந்து வெள்ளைக் கல்லாக உறைந்திருந்தது. உள்ளங்கையில் வைத்து உருக்கிக் குலுக்கினார். பால் திரைந்ததுபோல் கட்டிகள் அடியில் இறங்கின.

"மருந்து செத்துப்போச்சு. உறையக்கூடாதெண்டு தெரியாதோ? மீன்பெட்டியெண்டு நினைச்சியோ?"

"கரையக்கூடாதெண்டுதானே சொன்னனீங்கள், ஐயா."

"நான் எல்லாம் விளக்கமாச் சொன்னனான்," என்றார் அவர், அவளைப் பார்க்காமல், கூடி நின்றவர்களைப் பார்த்து.

யோசப்பின் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். நாகலிங்கம் மண்ணைப் பார்த்தான்.

"வாயை மூடிக்கொண்டு உள்ளை போ," என்றான்.

அடுத்த மருந்து வருவதற்கு முன்னே செங்காரிக்கு நோய் வந்துவிட்டது. யோசப்பின் புண்ணைச் சுடுதண்ணீரில் கழுவினாள், வேப்பெண்ணெய் பூசினாள், புழுவை ஈர்க்கால் எடுத்தாள். மூன்றாம் வாரம் ஒரு காலின் குளம்பு கழன்றது. பால் வற்றியது. இரத்தினம்மா பட்டணத்து இறைச்சிக்காரனுக்குச் சொல்லியனுப்பினாள்.

"லாண்ட்மாஸ்டர் வண்டி பிடிச்சு ஏத்துவம், அம்மா," என்றான் நாகலிங்கம்.

"எதுக்கு? மீன்காரி நடத்திக்கொண்டு போகட்டும். அவள் கூப்பிட்டால்தானே அது எழும்பும்."

உண்மைதான். அவள் கூப்பிட்டாள், செங்காரி எழும்பியது. ஆறு மைல் தூரம், மூன்று காலில், அவளை நம்பி நடந்தது. அது விழுந்த இடங்களிலெல்லாம் அவள் மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் எழும்பியது.

இறைச்சிக்காரனின் படலை வாசலில் கயிற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு சிமியோன் வந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"என்ன தங்கச்சி, அண்டைக்குக் கொண்டுபோன ஐஸ் விடியுமட்டும் நிண்டதோ?"

படலைக்குள்ளிருந்து செங்காரி அவளைத் தேடிக் கத்தியது.

"ஓம் அண்ணை," என்றாள் யோசப்பின். "கொஞ்சமும் கரையேல்லை."