குடித்திருந்தான் என்று சொன்னது நான்

நான் பொய் சொன்னேன். இறந்துபோன ஒருவன்மேல், அவன் எழுந்து வந்து மறுக்க மாட்டான் என்று தெரிந்தே பழியைப் போட்டேன்.

அவன் பெயர் செல்லையா. கூரை மேஸ்திரியான என்னிடம் வேலை பார்த்தவன். எழுபதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம், அவனியாபுரத்துப் பட்டறை ஒன்றின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணே, ஷீட்டு அப்பளமா இருக்கு. பலகை போட்டு நடப்போம்ண்ணே" என்றான்.

"பலகைய ஏத்தி எறக்கவே பொழுது போயிரும். போல்ட்டு வரிசையில காலை வச்சு நட மாப்ள, அடியில இரும்பு தாங்கும்."

நடந்தான். ஐந்தாவது அடியில் ஒரு சத்தம்... அவன் நின்ற இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது.

முதலாளி கேட்டபோது, "காலையிலேயே குடிச்சிருந்தான்" என்றேன். அவன் மனைவி மாரியம்மாள் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அவரா? சாராய வாடையே ஆகாதேண்ணே அவருக்கு!" என்று கதறினாள். அவளிடமும் சொன்னேன்: "சேர்க்கை சரியில்ல தாயி. அன்னைக்கு மட்டும்..."

எப்படிச் சொன்னேன்? என்னையே கேட்காத நாளில்லை!

அதன்பிறகு மனச்சாட்சி என்னைத் திருத்தியது என்று எண்ணிவிடாதீர்கள். பயம்தான் திருத்தியது. இன்னொருவன் விழுந்தால் என்ன பொய் சொல்வேன்? நடக்கப் பலகை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை முகட்டு இரும்பில்... இவை இல்லாமல் யாரும் ஏறக்கூடாது என்றேன்.

ஆட்கள் சிரித்தார்கள். "நாங்க என்ன மாடா, கட்டிப் போட?" முதலாளிகள் முகம் சுளித்தார்கள். "கயிறு கட்டக் கூடாதுன்னா வேற மேஸ்திரியப் பாத்துக்கங்க" என்று எத்தனை வேலைகளை உதறினேன் தெரியுமா? ஒருமுறைகூடப் பணியவில்லை!

நாலைந்து வருடம் கழித்து உசிலம்பட்டியில், சந்தைக்கு எதிரே ஒரு தானியக் கிட்டங்கி. ஆடிக்காற்று. மேலே புது ஷீட்டைப் பிடித்தபடி நின்றவன் பாண்டி, மாரியம்மாளின் தம்பி. அன்று காலையும், "இம்புட்டு இறுக்கவாண்ணே?" என்று முனகிக்கொண்டேதான் கயிற்றைக் கட்டியிருந்தான்.

காற்று சுழன்றடித்தது. ஷீட்டோடு அவனும் பறந்தான்! சந்தை முழுக்க அலறியது. கூரை விளிம்பைத் தாண்டி விழுந்தவன்... நடுவானில் நின்றான். கயிறு விறைத்து நின்றது!

"இழுங்கடா!" என்று கத்தினேன். இழுத்தோம். என் உள்ளங்கை கிழிந்தது; வலிக்கவில்லை. மேலே வந்ததும் பாண்டி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தான், அழுதான். "பொழச்சுட்டேண்ணே! நான் பொழச்சுட்டேன்!"

கீழே மாட்டு வியாபாரிகள் துண்டைச் சுழற்றினார்கள், யாரோ குலவையிட்டார்கள். இறங்கியதும் என்னைத் தோளில் தூக்கினார்கள். ஆம், வென்றேன்! மறுவாரமே, என்னைக் கேலி பேசிய மேஸ்திரிகள் திருவாதவூரிலிருந்துகூட முடிச்சுப் போடக் கற்க வந்தார்கள். செல்லையாவுக்குப் பின் என் கூரையிலிருந்து ஒருவனும் விழுந்து சாகவில்லை. இதை நெஞ்சு நிமிர்த்திச் சொல்வேன். இந்தப் பெருமை பொய்யில்லை!

பாண்டி வீட்டில் கிடா வெட்டி விருந்து வைத்தார்கள். எல்லோர் முன்னும் எனக்கு மாலை போட்டவள் மாரியம்மாள். என் இரு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எந்தம்பி உசுரத் திருப்பிக் குடுத்தீகண்ணே. அந்த மனுசனும் அன்னைக்குக் குடிக்காம ஏறியிருந்தா, இன்னைக்கு இந்தப் பந்தியில உக்காந்திருப்பாருல்ல?"

சொல்லியிருக்கலாம். அந்த நொடியில் சொல்லியிருக்கலாம்! சுற்றிலும் அத்தனை முகங்கள், அத்தனை மகிழ்ச்சி...

"ஆமா தாயி" என்றேன்.

அவள் இன்றும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.