ஜீப்புக்குப் பாதிக் கூரை

றக்வான டவுனில், வண்டி சீட் தைக்கும் குஷன் கடையில், என் பக்கத்தில் நின்ற ஒருவர், தன் திறந்த ஜீப்புக்குக் கூரை தைக்க, ஒவ்வொரு துணியாக வெயிலில் பிடித்து அதன் கீழே தன் கன்னத்தைக் காட்டிப் பார்த்தார். நரைத்த மீசை, கறுத்த முகம்.

“இன்னும் கறுக்க இடமிருக்கா தம்பி?” என்று சீண்டினேன்.

“வீட்டுக்காரிக்குங்கம்மா. கேன்சருக்கு மருந்து ஏத்துறாங்க, வெயில் பட்டா எரியுதாம். முழுசா மூடுனா வாந்தி வருது. அதான் முன்பக்கம் மட்டும்.”

பச்சைத் துணியை எடுத்தார்.

மூன்று மாதம் கழித்து, தேயிலைத் தோட்டத்துக்குப் போக, வாடகைக்கு ஓடும் அந்த ஜீப்பில் ஏறினேன். மேலே கூரை இல்லை. முன்சீட்டில் பச்சைத் துணியை மடித்து வைத்திருந்தார்.

“அத மாட்டுங்களேன், மண்ட காயுது.”

“அவளுக்குத் தைச்சதுங்கம்மா. இதுல ரெண்டு தடவதான் ஆஸ்பத்திரிக்குப் போனா. மூணாவது தடவைக்கு அவ இல்ல.”

நான் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.