உள்பக்கச் சக்கரம்

கோயம்புத்தூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த அக்கா, ஒரு வருடம் செமஸ்டர் நடுவிலேயே கப்பலேறி, தீவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். லீவு என்றாள். எந்தக் கல்லூரியில் இந்த மாதத்தில் லீவு விடுகிறார்கள் என்று அம்மா கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காகவே தினமும் மீன் வாங்கிப் பொரித்தாள். எனக்கு அப்போது பத்து வயது. அக்கா வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

கல்லூரி மாணவர்கள் சேர்ந்து செய்த பந்தயக் காரில் அக்காவுக்கும் ஒரு பங்கு இருந்தது. வளைவில் கார் எப்படிச் சாய்கிறது, எந்தச் சக்கரத்தில் பாரம் ஏறுகிறது, ஸ்பிரிங்கை இறுக்கினால் என்ன ஆகும், தளர்த்தினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. முந்தைய லீவில் சாப்பாட்டுத் தட்டைச் சாய்த்து, ரசம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டி எனக்கு அதை விளக்கினாள். இந்த முறை தட்டையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்பா காண்டிராக்ட் வேலையாக டிக்லிபூர் போயிருந்தார். அவருடைய பழைய ஜீப் ஷாதிபூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. ஒரு நாள் காலையில் அக்கா என்னையும் ஏற்றிக்கொண்டு அதை டெய்ரி ஃபார்மில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். பின்பக்க ஸ்பிரிங்கில் இன்னும் இரண்டு பட்டைகள் சேர்க்க வேண்டும் என்றாள். அந்த வங்காளத்துக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்னா டைட்? மத் கரோ பேட்டி, காடி கூதேகா."

வேண்டாம், வண்டி குதிக்கும் என்கிறார்.

"கூத்னே தோ, தாதா" என்றாள் அக்கா. குதிக்கட்டுமாம்.

மத்தியானம் மின்னி பே என்ற இடத்துக்குப் போனோம். கடலை ஒட்டி, ஏதோ கட்டடத்துக்காகச் சமப்படுத்திவிட்டு அப்படியே விட்ட செம்மண் வெளி அது. கயிற்றின் ஒரு நுனியை நான் நடுவில் நின்று பிடித்துக்கொண்டேன். மறு நுனியோடு அக்கா சுற்றி வந்து, சுண்ணாம்புத் தூளால் பெரிய வட்டம் போட்டாள்.

"நீ நடுவுலயே நில்லு பாப்பா. என்ன ஆனாலும் வெளிய ஓடாத. வண்டி கவுந்தாலும் வெளிப்பக்கந்தான் போகும். பின்னாடி, உள்பக்கச் சக்கரத்த மட்டும் பாரு. தரையவிட்டு எழும்புனா கத்து."

"என்னன்னு கத்த?"

"ருக்கோன்னு கத்து. தெருவுல விளையாடும்போது நில்லுங்கறதுக்கு அதத்தான நீ கத்துவ?"

முதலில் மெதுவாகச் சுற்றினாள். நானும் அதோடு சேர்ந்து நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டிருந்தேன். வேடிக்கையாக இருந்தது. பிறகு இன்ஜின் சத்தம் மாறியது. செம்மண் கிளம்பிக் கடலை மறைத்தது. ஜீப் வெளிப்பக்கம் சாய்ந்துகொண்டே வந்து, உள்பக்கச் சக்கரம் தரையைவிட்டு மேலே எழுந்தது.

"ருக்கோ!" என்று கத்தினேன்.

அக்கா நிறுத்தவில்லை. சக்கரம் தரையைத் தொட்டது, மறுபடி எழுந்தது. வண்டியின் பின்பாகம் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வழுக்கியது. ஸ்டியரிங்கை ஒடித்து அதை உள்ளே கொண்டுவந்தாள். மறுபடியும் வேகம் கூட்டினாள். நான் கத்திக்கொண்டே இருந்தேன். தலை சுற்றியது. ஓடிவிடலாம் என்றால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜீப் வந்துகொண்டிருந்தது. புழுதிக்குள் அக்காவின் முகம் தெரிந்தது, மறைந்தது. அது என் பக்கம் திரும்பவே இல்லை. இன்னொரு முறை பின்பாகம் வழுக்கியபோது வண்டி கவிழ்ந்தே விட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது ஜீப் வட்டத்துக்கு வெளியே, வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தது. அக்கா இறங்கி நடந்து வந்தாள்.

"எத்தன தடவ ருக்கோன்னு கத்துனேன்!" என்று அழுதேன்.

"கேட்டுச்சு." என் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். "மொத தடவ எப்ப எழும்புச்சு? வழுக்குறதுக்கு முன்னாடியா?"

"ரொம்ப முன்னாடி."

"எனக்குக் கையில ஒண்ணுமே தெரியல. ஸ்டியரிங் அப்படியேதான் இருந்துச்சு." பிறகு கடலைப் பார்த்துச் சொன்னாள்: "அவனுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

யாருக்கு என்று கேட்டேன். அவள் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போய் போன் செய்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"சார், ஸ்பிரிங்க மாத்துனது நான். வேண்டாம்னு அவன் சொன்னான், நாந்தான் கேக்கல. ஓட்டுனதுல தப்பே இல்ல சார். விசாரணையில நானே வந்து சொல்றேன்."

சார் என்றது அப்பாவுக்குத் தெரிந்த யாரோ இன்ஜினியர் என்றும், அவன் என்றது அந்த மெக்கானிக் என்றும் எடுத்துக்கொண்டேன். அவர்தானே வேண்டாம் என்றார்? அப்பாவின் கோபத்திலிருந்து அவரை அக்கா காப்பாற்றுகிறாள் என்று பெருமையாகக்கூட இருந்தது. பெரியவரைப் போய் அவன் என்கிறாளே என்பதுதான் குறை.

அக்கா வருவதற்குச் சில நாள் முன் ஒத்திகையில் அவர்களுடைய பந்தயக் கார் வளைவில் கவிழ்ந்ததும், ஓட்டிய பையன் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவன் ஓட்டத் தெரியாமல் ஓட்டினான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்களாம். அவனும் அதை நம்பிவிட்டானாம்.

அடுத்த கப்பலிலேயே அக்கா கிளம்பினாள். கப்பல் துறையில் நான் கேட்டேன்: "இந்தத் தடவ பந்தயத்துல ஜெயிச்சிருவீங்களா?"

"அவங்க ஜெயிப்பாங்க" என்றாள்.

நான் கை தட்டிக் குதித்தேன். அம்மா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். கூட்டம் இடிக்கிறது, அதற்காகத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.